சோர்பேயில் சர்க்கரைக்கு என்ன வேலை?

நன்கு பழுத்த மாம்பழத்தைக் கூழாக்கி, சர்க்கரை சேர்க்காமல், டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தால் மறுநாள் கிடைப்பது சோர்பே அல்ல. மஞ்சள் நிறப் பாறை. கரண்டி இறங்காது. குத்தி உடைத்து வாயில் போட்டால் ஐஸ் நறநறவென்று கடிபடும். பழத்தில் இருந்த இனிப்பும் மணமும் பாதியாகக் குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். ‘சர்க்கரை இல்லாமல் இதெல்லாம் சரிப்படாது’ என்று முடிவு கட்டி, அடுத்த முறை ஒரு கோப்பை சர்க்கரையைக் கொட்டிவிடுகிறோம்.

சர்க்கரை இல்லாமலும் சரிப்படும். அதற்கு முன், சோர்பேயில் சர்க்கரை செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இனிப்பு தருவது அதன் வேலைகளில் ஒன்றுதான். அதைவிடப் பெரிய வேலை, உறைந்த பழக்கூழைக் கரண்டிக்கு இளகும்படி வைத்திருப்பது. இனிப்பைப் பழமே தந்துவிடும். இளக்கத்தை வேறு வழியில் வரவழைக்க முடிந்தால், சர்க்கரை டப்பாவைத் திறக்காமலேயே நல்ல சோர்பே செய்துவிடலாம்.

பழம், சர்க்கரை, தண்ணீர் மூன்றும் சேர்ந்து உறைந்ததுதான் சோர்பே. ஐஸ்கிரீமில் பால் கொழுப்பும் புரதமும் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைத்து மென்மை தருகின்றன. சோர்பேயில் பாலும் இல்லை, கிரீமும் இல்லை. எனவே மென்மையின் பொறுப்பு பெருமளவு சர்க்கரையின் மேல் விழுகிறது. வழக்கமான செய்முறைகளில் பழத்தின் சர்க்கரையும் சேர்த்து மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் சர்க்கரை இருக்கும். 100 கிராம் சோர்பே என்றால் ஐந்தாறு டீஸ்பூன்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அது சுமார் 25 கிராம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. வெயில் காலத்தில் குழந்தைகள் கேட்கும் ஒரு கிண்ணம் குளிர்ச்சியில் சர்க்கரையைக் குறைக்க வழி தேடுவது அநாவசியக் கவலை அல்ல.

உறையாமல் மிஞ்சும் பாகு

சுத்தமான தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் எதையாவது கரைத்தால் உறைநிலை கீழே இறங்கும். கரைத்த பொருளின் அளவு கூடக் கூட உறைநிலையும் அதற்கேற்ப இறங்குகிறது என்பதை 1788இல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் பிளாக்டன் காட்டினார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 1880களில், பிரான்ஸின் கிரனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த ஃபிரான்சுவா மரி ரவுல் அந்த ஆய்வை வெகுதூரம் கொண்டுசென்றார். உறைநிலை இறங்குவது, கரைந்திருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவை எந்தப் பொருளின் மூலக்கூறுகள் என்பது முக்கியமில்லை.

ஐஸ் படிகம் உருவாக வேண்டுமானால் தண்ணீர் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் ஒன்றோடொன்று சேர வேண்டும். சர்க்கரை மூலக்கூறுக்கு அந்த வரிசையில் இடமில்லை. எனவே தண்ணீர் ஐஸாகப் பிரிந்துபோகப் போக, சர்க்கரை எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரில் சேர்ந்து கெட்டிப் பாகாகிறது. பாகு கெட்டியாக ஆக அதன் உறைநிலை இன்னும் இறங்குகிறது. ஃபிரீசரில் இருக்கும் சோர்பே முழுக்க உறைந்த பொருள் அல்ல. நுண்ணிய ஐஸ் படிகங்களுக்கு நடுவே உறையாத பாகு ஓடிக்கொண்டிருக்கும் கலவை அது. கரண்டி இறங்குவது அந்தப் பாகின் தயவால்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மைனஸ் 14 டிகிரியில் உறையாமல் மிஞ்சும் சர்க்கரைப் பாகில் சுமார் 62 சதவீதம் சர்க்கரை இருக்கும். 100 கிராம் சோர்பேயில் 25 கிராம் சர்க்கரை இருந்தால், அந்த வெப்பநிலையில் ஏறக்குறைய 40 கிராம் பாகு, 60 கிராம் ஐஸ். வெறும் மாம்பழக் கூழில் சுமார் 14 கிராம் சர்க்கரைதான் உண்டு. அங்கே பாகு 23 கிராம். மீதியில் பழத்தின் நார் போக எல்லாமே ஐஸ். தர்பூசணியில் 6 கிராம் சர்க்கரை என்றால் பாகு வெறும் 10 கிராம். 90 கிராமுக்கு நெருக்கமாக ஐஸ். பழங்களில் பலவகைச் சர்க்கரைகள் கலந்திருப்பதால் எண்கள் சற்று மாறலாம், ஆனால் விகிதம் இதுதான். சர்க்கரை குறைந்த கூழ் பாறையாவதில் வியப்பு இல்லை.

சர்க்கரை யாருக்காக?

இதே கணக்கை வேறு வெப்பநிலையில் போட்டால் நல்ல செய்தி ஒன்று வருகிறது. 40 சதவீதச் சர்க்கரைப் பாகு உறையத் தொடங்குவது மைனஸ் 4.5 டிகிரி வாக்கில். ஆகவே, அந்த வெப்பநிலையில் இருக்கும் மாம்பழக் கூழில், 14 கிராம் சர்க்கரையைத் தாங்கிய பாகு 35 கிராம் இருக்கும். மைனஸ் 14 டிகிரியில் இருக்கும் கடைச் சோர்பேயின் 40 கிராமுக்கு இது வெகு அருகில். சர்க்கரை சேர்க்காத மாம்பழ சோர்பே மைனஸ் 5 டிகிரியை ஒட்டி எந்த அளவுக்கு இளகியிருக்குமோ, சர்க்கரை நிறைந்த சோர்பே மைனஸ் 14இல் ஏறக்குறைய அந்த அளவுக்கு இளகியிருக்கும்.

கடையில் விற்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய சரக்கு ஆலையிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று பல வாரங்கள் மைனஸ் 18 டிகிரியில் பயணம் செய்ய வேண்டும். எப்போது எடுத்தாலும் உடனே கரண்டி இறங்கவும் வேண்டும். அந்தப் பயணத்துக்கும் காத்திருப்புக்கும் விலையாகத்தான் அவ்வளவு சர்க்கரை போகிறது. வீட்டில் செய்பவர் அந்த விலையைத் தர வேண்டியதில்லை. செய்த உடனே, ஐஸ் இன்னும் இறுகாத நேரத்திலேயே பரிமாறலாம். குறைந்த சர்க்கரை சோர்பேயின் அடிப்படை விதி இதுதான்: சர்க்கரை செய்த வேலையை வெப்பநிலையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

குளிரில் மங்கும் இனிப்பு

அதிகக் குளிர் இல்லாமல் பரிமாறுவதில் இரண்டாவது ஆதாயமும் உண்டு. உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு திகட்டும் என்று தெரியும். பொருள் அதேதான், குளிர்தான் போயிருக்கிறது. இனிப்பின் செய்தியை நாக்கிலிருந்து நரம்புக்குக் கடத்துவதில் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு வெப்பம் ஏறும்போது அதன் செயல்பாடும் பலமாக ஏறுகிறது என்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். நாக்கு குளிர்ந்து மரத்தால் இனிப்பு மங்கும். மைனஸ் 14 டிகிரிப் பண்டத்தில் கூடுதல் சர்க்கரை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மைனஸ் 5இல் பரிமாறினால் அதே பழம் இன்னும் இனிக்கும். வாயில் சீக்கிரம் உருகுவதால் மணமும் சீக்கிரம் மூக்குக்கு ஏறும்.

பழச் சர்க்கரையான பிரக்டோஸ் இதில் ஒரு விதிவிலக்கு. அதன் மூலக்கூறு கரைசலில் சில வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும். குளிரில் அவற்றுள் அதிகம் இனிக்கும் வடிவத்தின் பங்கு கூடுகிறது. தர்பூசணியின் சர்க்கரையில் பாதிக்கு மேல் பிரக்டோஸ் என்பதால், அது குளிர்ந்த பின்னும் இனிப்பாகவே இருக்கிறது.

ஒரு சிட்டிகை உப்பும் இங்கே பெரிய உதவி. உப்பு கசப்பை அடக்குகிறது. அடங்கிய கசப்புக்குப் பின்னாலிருந்த இனிப்பு மேலே வருகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பழத்தின் சுவையைத் தூக்கிக் காட்டும். வாழை, சப்போட்டா, கொய்யா போன்றவை வெட்டியதும் கறுப்பதையும் அது தள்ளிப்போடும்.

நாக்கு அளக்கும் படிகம்

இளக்கம் ஒரு பாதி என்றால் வழவழப்பு மறு பாதி. ஐஸ் படிகத்தின் அளவு 50 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால், நாக்கு அதை மணலாக உணரத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் வழவழப்பு. படிகங்களைச் சிறிதாக வைத்திருக்க இரண்டு வழிகள்: வேகமாக உறையவைப்பது, அல்லது உறைந்த பின் உடைப்பது.

வேகமாக உறைய நேரம் எதற்குச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்விக்க 30 கலோரி வெப்பத்தை வெளியேற்றினால் போதும். அதே தண்ணீரை 0 டிகிரியிலேயே ஐஸாக்க 80 கலோரியை வெளியேற்ற வேண்டும். ஆழமான டப்பாவில் ஊற்றிய கூழின் நடுப்பகுதியிலிருந்து இவ்வளவு வெப்பமும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் ஒருசில படிகங்கள் நிதானமாகப் பெருத்துக்கொண்டிருக்கும். பழத்தைச் சிறு துண்டுகளாக்கி அகலமான எவர்சில்வர் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பினால் வெப்பம் எல்லாப் பக்கமும் சீக்கிரம் வெளியேறும்.

உடைப்பதற்கு மிக்ஸி இருக்கிறது. பெரிய உணவகங்களில் பயன்படும் பேக்கோஜெட் என்ற சுவிஸ் இயந்திரத்தின் தத்துவமே இதுதான். கலவையை மைனஸ் 20 டிகிரி அளவில் கட்டியாக உறையவைத்து, வேகமாகச் சுழலும் கத்தியால் மேலிருந்து மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கும். நம் வீட்டு மிக்ஸிக்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை. ஆனாலும் உறைந்த பழத் துண்டுகளை நன்றாக அரைத்துவிடும். கூடவே கொஞ்சம் காற்றையும் உள்ளே சேர்க்கும். காற்றும் மென்மைக்கு உதவும்.

அரைத்த சோர்பேயை மீண்டும் ஃபிரீசரில் நாள்கணக்கில் வைத்தால் வழவழப்பு போய்விடுவதற்கும் காரணம் உண்டு. வெப்பநிலை சற்று ஏறும்போது மிகச் சிறிய படிகங்கள் முதலில் உருகும். மீண்டும் இறங்கும்போது அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களின் மேல் போய் உறையும். சிறியவை மறைந்து பெரியவை வளரும். பனி படியாத வகை ஃபிரிட்ஜ்கள் தம்மைத் தாமே பனி நீக்கிக்கொள்ள அவ்வப்போது உள்ளே சூடேற்றுகின்றன. அங்கே இந்த ஏற்ற இறக்கம் தினசரி நிகழ்வு. மின்வெட்டும் அதையேதான் செய்யும்.

எந்தப் பழம்?

பழத்தில் சர்க்கரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வழவழப்பான நார் எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்தால் எது சோர்பேக்கு ஏற்றது என்று சொல்லிவிடலாம். 100 கிராமுக்குத் தோராயமாகப் பப்பாளியில் 8 கிராம் சர்க்கரை, கொய்யாவில் 9, அன்னாசியில் 10, வாழையில் 12, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15 முதல் 16 கிராம். சப்போட்டாவிலும் சர்க்கரை அதிகம்.

இவற்றில் வாழைப்பழம் தனி ரகம். அதில் நான்கில் மூன்று பங்குதான் தண்ணீர். பெக்டினும் பிற நார்களும் அந்தத் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தோல் கறுக்கும் அளவுக்குக் கனிந்த வாழையை உறையவைத்து அரைத்தால், வேறு எதுவும் சேர்க்காமலேயே கிரீம்போலத் திரண்டு வரும். காயாக இருக்கும்போது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாகிவிடுகிறது. எந்தப் பழமானாலும் முழுக்கக் கனிந்ததை எடுக்க வேண்டும். கனியாத பழத்தின் குறையை மறைக்கத்தான் பல வீடுகளில் சர்க்கரை கூடுகிறது.

மாம்பழத்தில் நார் குறைந்த பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், மல்கோவா எல்லாம் நன்றாக வரும். கொய்யாவில் பெக்டின் ஏராளம். விதையை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டால் மிக வழவழப்பான சோர்பே அதில்தான் கிடைக்கும். கொய்யாவின் வைட்டமின் சி, ஆரஞ்சில் இருப்பதைப்போல் சுமார் நான்கு மடங்கு. குளிர் அதை அதிகம் சிதைப்பதில்லை.

நுங்கும் இளநீர் வழுக்கையும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் செல்வம். ஐஸ்கிரீம் ஆலைகள் ஐஸ் படிகம் பெருக்காமல் இருக்க கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினைச் சேர்க்கின்றன. அது கேலக்டோமேனன் என்ற வகை நார். இளம் பனங்காயின் நுங்கிலும் அதே வகை நார் இருக்கிறது. இரண்டு மூன்று நுங்கைத் தோல் நீக்கிப் பழத்தோடு அரைத்தால், சர்க்கரை கூட்டாமலே கலவைக்குத் திடம் கிடைக்கும். இளநீர் வழுக்கை அதோடு சிறிது கொழுப்பையும் தரும். ஊறவைத்த சப்ஜா விதையின் பசையும் படிகம் வளர்வதைத் தடுக்கும். ஈரானில் மஷாத் நகர ஆய்வாளர்கள் அதை ஐஸ்கிரீமில் நிலைப்படுத்தியாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கடற்பாசி எனப்படும் அகர் அகரை மட்டும் இதற்குச் சேர்க்க வேண்டாம். உறைந்து உருகும்போது அது தண்ணீரைக் கக்கிவிடும். கடற்பாசிக் கூழை உறையவைத்து, உருக்கி, தண்ணீரைப் பிரித்து உலர்த்துவதுதான் அகர் தயாரிக்கும் பழைய முறையே.

தர்பூசணியைச் சோர்பேயாக்க வற்புறுத்துவதிலும் பயனில்லை. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். இத்தாலியின் சிசிலித் தீவில் இத்தகைய சாறுகளை கிரானிட்டாவாக்குகிறார்கள். சாற்றை அகலத் தட்டில் ஊற்றி, உறையத் தொடங்கியதும் அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். பொலபொலவென்று உதிரும் பெரிய படிகங்கள்தான் அங்கே அழகு. எலுமிச்சைச் சாறும் புதினாவும் சேர்த்தால் தர்பூசணிக்குச் சர்க்கரையே வேண்டாம்.

மாம்பழ சோர்பே: நால்வருக்கு

தேவையானவை: தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழச் சதை 400 கிராம், நன்கு கனிந்த பூவன் அல்லது ரஸ்தாளி வாழைப்பழம் 1, நுங்கு 2 அல்லது 3, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

மாம்பழத்தையும் வாழையையும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள். ஆறு மணி நேரம் அல்லது ஓர் இரவு போதும். நுங்கைத் தோலுரித்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் குளிரவைத்தால், அரைக்கும்போது கலவை சட்டென்று உருகாது.

பரிமாறுவதற்குச் சற்று முன்பு பழத் துண்டுகளை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். துண்டுகளை நேராகப் போட்டு ஓட்டினால் கத்தியும் மோட்டாரும் பாதிக்கப்படலாம். பாதிப் பாதியாகப் போட்டு, சில விநாடிகள் ஓட்டி நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். முதலில் ரவைபோல் உதிரும். இங்கேதான் பலர் தண்ணீரோ பாலோ ஊற்றிவிடுகிறார்கள், வேண்டாம். நுங்கு, எலுமிச்சைச் சாறு, உப்பு மூன்றையும் இப்போது சேர்த்து ஓட்டினால் உதிர்ந்தது ஒன்றுகூடும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பளபளப்பாகத் திரளும். திரண்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டினால் கத்தியின் சூட்டில் உருகத் தொடங்கும்.

உடனே கிண்ணங்களில் போட்டுப் பரிமாறலாம். உருண்டையாக எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் அகலப் பாத்திரத்தில் பரப்பி அரை மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். மிஞ்சியதை டப்பாவில் மொத்தமாகச் சேமிக்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தால், மறுநாள் அந்தக் கட்டிகளை மறுபடியும் அரைத்துப் புதிதுபோலவே எடுக்கலாம். முழுக்க உருகி வெளியே கிடந்ததைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. குளிர் கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிர, கொல்லாது.

வெல்லம், தேன், ஸ்டீவியா

‘வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டேன்’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மணம் வேறு, சிறிதளவு தாதுக்கள் உண்டு; இரத்தச் சர்க்கரைக் கணக்கில் பெரிய சலுகை இல்லை.

தேனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோஸும் பிரக்டோஸும். சுக்ரோஸ் மூலக்கூறின் எடையில் பாதியளவுதான் இவற்றின் எடை. எனவே ஒரே எடைக்கு ஏறக்குறைய இருமடங்கு மூலக்கூறுகள், உறைநிலையும் அதே விகிதத்தில் இறங்கும். இளக்கம் போதவில்லை என்றால் இரண்டு டீஸ்பூன் தேனோ, விதை நீக்கி ஊறவைத்த மூன்று பேரீச்சம்பழமோ அதிகச் சர்க்கரையின் வேலையைச் செய்துவிடும். தேனின் சர்க்கரையும் அன்றாட வரம்பில் எண்ணப்பட வேண்டியதே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

சீனித்துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிக்கும். அதனால் ஒரு சிட்டிகை போதும். ஒரு சிட்டிகையில் இருக்கும் மூலக்கூறுகள் உறைநிலையை அசைக்கப் போதாது. அதைப் போட்டால் இனிப்பான பாறைதான் கிடைக்கும். எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டி உறைநிலையை நன்றாக இறக்கும், ஆனால் குளிரில் கரையாமல் படிகமாகி நறநறக்கும். ஸ்டீவியா போன்ற சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை உடல் எடையைக் குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

எவ்வளவு உண்ணலாம்?

சர்க்கரை சேர்க்காத சோர்பே என்பது சர்க்கரையே இல்லாத சோர்பே அல்ல. மேலே சொன்ன செய்முறையில் ஒருவருக்கு வரும் பங்கில் சுமார் 15 முதல் 18 கிராம் பழச் சர்க்கரை இருக்கும். கூடவே பழத்தின் நார், வைட்டமின்கள், நிறமிகள் எல்லாம் வருகின்றன. வழக்கமான சோர்பேயின் அதே அளவு பங்கில் 30 கிராமுக்கு மேல் இருந்திருக்கும், அதில் பெரும்பகுதி வெறும் சர்க்கரை.

அரைக்கும்போது பழத்தின் செல்கள் உடைவதால், கடித்துத் தின்னும் பழமும் அரைத்த பழமும் ஒன்றே என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் பொது சுகாதார வழிகாட்டுதல், கூழாக்கிய பழத்தின் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையில் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே கூழை வடிகட்டி நாரைக் கொட்டிவிடாதீர்கள். கிண்ணத்தைச் சிறிதாக வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதை அன்றைய பழப் பங்காகக் கணக்கிட்டு, சாப்பாட்டோடு சேர்த்துச் சிறிதளவு உண்ணலாம். மாம்பழம், சப்போட்டாவுக்குப் பதில் கொய்யா, பப்பாளியைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்குப் பொருந்தும். அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஃபிரீசர் இல்லாத வீட்டில்

ஃபிரிட்ஜ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சோர்பே பிறந்துவிட்டது. 1690களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வெளியான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் சோர்பே வகைகள் இடம்பெற்றிருக்கின்றன. அன்று குளிர் தந்தது பனியும் உப்பும். சர்க்கரையைப்போலவே உப்பும் உறைநிலையை இறக்கும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் கலந்தால் வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக்கூடும். அமெரிக்காவின் நான்சி ஜான்சன் 1843இல் காப்புரிமை பெற்ற கைச்சுற்று ஐஸ்கிரீம் இயந்திரமும், நம் தெருக்களில் குல்ஃபி விற்பவரின் பானையும் இதே தத்துவத்தில் வேலை செய்பவை.

வீட்டில் செய்து பார்க்க, பெரிய பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸையும் கல்லுப்பையும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் பழக்கூழ் உள்ள எவர்சில்வர் டப்பாவை இறக்குங்கள். டப்பாவைச் சுழற்றிக்கொண்டே, ஓரத்தில் உறைவதை மரக்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக் கிளறுங்கள். அரை மணி நேரத்தில் கூழ் திரளும். உப்பு கலந்த ஐஸைக் குழந்தைகள் வெறுங்கையால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தக் குளிர் தோலைப் புண்ணாக்கிவிடும். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் உறைநிலை பற்றிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு கிடைப்பது அரிது. ரவுல் கண்டறிந்ததை ஒரே பாத்திரத்தில் இருமுறை பார்க்கலாம்: வெளியே உப்பின் வேலை, உள்ளே சர்க்கரையின் வேலை.

எந்தப் பொருள் எதற்காக உணவில் சேர்கிறது என்று தெரிந்துகொண்டவருக்கு, அதைக் குறைக்கும் வழியும் தெரிந்துவிடுகிறது. சோர்பேயில் சர்க்கரை தந்த இனிப்பைக் கனிந்த பழமும், இளக்கத்தைச் சரியான வெப்பநிலையும், வழவழப்பை நாரும் மிக்ஸியும் தந்துவிடும். மாம்பழக் காலத்தில் இதைச் செய்து பழகிவிட்டால் பின்னர் கொய்யா, பப்பாளி, திராட்சை என்று ஆண்டு முழுவதும் பழம் மாறிக்கொண்டே இருக்கும், முறை அதேதான். பழுத்ததை வாங்குங்கள், மெல்லிய அடுக்காக உறையவையுங்கள், அரைத்த கையோடு பரிமாறுங்கள்.